தொப்பியோடு உள்ளே வந்த ராஸ்லின்

ராஸ்லின் குபியாக்கை எங்கள் ஊரில் யாரும் புகழ்ந்து பேசுவதில்லை, திட்டித்தான் பேசுவார்கள். "பிள்ளை ஷூ லேஸ் கட்டுறதுக்குள்ள பஸ்ஸை எடுத்துடுவா அந்தக் குபியாக்" என்று தாய்மார்கள் பொருமுவார்கள். ஆனால் ஜனவரியில் ஏரி கல்லாக இறுகி, சாலையெல்லாம் வழுக்கி, பக்கத்து ஊர்ப் பள்ளிப் பேருந்துகள் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடக்கும்போது, அதே தாய்மார்கள் ஜன்னலோரம் நின்று அவள் பேருந்தின் விளக்கு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்ததும் பேசாமல் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார்கள். அவள் ஓட்டினால் பிள்ளை வீடு வந்து சேரும். வடக்கு விஸ்கான்சினில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

வயது ஐம்பத்தாறு. ஆள் குள்ளம், குரல் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். இருபத்தொரு வயதில் வளைகுடாப் போருக்குப் போய்ப் பாலைவனத்தில் டீசல் டேங்கர் ஓட்டியவள். போர் முடிந்த பிறகு கொஞ்ச காலம் ஜெர்மனியில் இருந்த நம் அமெரிக்கப் படை முகாமில் வேலை. பாலைவனத்தைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்வாள். ஜெர்மனி எப்படி இருந்தது என்று கேட்டால், "ரொட்டி நல்லாருந்துச்சு" என்று முடித்துக்கொள்வாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குருட்டுப் பழக்கம். படைவீரர் என்றால் மீசை முளைத்தவர் என்றே நினைப்பு. போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று பள்ளிக்கூடப் பெண்கள் கல்லறைக்குப் பூவோடு வருவார்கள். ராஸ்லினைத் தாண்டிப் போய் அவள் கணவன் டெட்டின் கையைப் பிடித்து, "உங்கள் சேவைக்கு நன்றி" என்பார்கள். டெட் காகித ஆலையில் வேலை பார்த்தவன். மானைத் தவிர எதையும் சுட்டதில்லை, மானையும் பெரும்பாலும் குறி தவறித்தான். அவனும் வஞ்சனையில்லாமல் நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான்.

ஆனால் ஏரிக்கரையில் இருக்கும் படைவீரர் மன்றத்தில் மட்டும் அவளைத் தெரியும். அங்கே இருப்பவர்கள் அநேகமாக வியட்நாம் போன கிழவர்கள். மன்றத் தலைவர் உர்பன் ஸ்டெங்கிள், வயது எழுபத்தெட்டு, தினமும் காலையில் கோவிலுக்குப் போய் முழந்தாள் போடும் கத்தோலிக்கர். படைவீரர் யார் இறந்தாலும் கல்லறையில் துப்பாக்கி முழங்கி மரியாதை செய்யும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்தக் குழுவில் ராஸ்லின் ஒருத்திதான் பெண். உறைபனியில் கிழவர்களின் விரல்கள் விறைக்கும்போது, ஒவ்வொருவர் கையிலும் வெந்நீர்ப் பையைத் திணித்து, "சாவுக்கு வந்த எடத்துல செத்துத் தொலையாதீங்கய்யா, எனக்கு இன்னொரு நாள் லீவு கிடைக்காது" என்று அதட்டுவாள். அவர்கள் அவளைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். படையில் இருந்தவனுக்குப் படையில் இருந்தவன் தரும் மரியாதை அது. அந்த ஒரு மரியாதையை அவள் உயிராக வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் அந்தப் புது விதி வந்தது. அரசாங்கப் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் இனிமேல் கருக்கலைப்பு கிடையாது. உயிர் போகும் நிலை என்றால் மட்டும் பார்க்கலாம். உடம்பு கெடும் என்றாலும் கிடையாது, பலாத்காரத்தால் உண்டான கரு என்றாலும் கிடையாது. அதைப் பற்றி ஆலோசனை சொல்லவும் டாக்டருக்கு வாய்ப்பூட்டு. ராஸ்லின் இதைச் செய்தியில் கேட்டாள். ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பேருந்தைக் கழுவப் போய்விட்டாள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மன்றத்துச் சமையலறையில், மீன் வறுவலுக்குத் தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த விதி அவள் கண்ணெதிரே வந்து நின்றது. மன்றத்து பாரில் வேலை பார்க்கும் டெஸ்ஸா ஆர்னெசன் கப்பற்படையில் இருந்து வந்தவள். இருபத்தேழு வயது. சிறுநீரகக் கோளாறு. சில வாரங்களாக முகம் வெளுத்துத் திரிந்தாள். அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"படைவீரர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்லவங்க மேம். ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, இந்தக் கிட்னியை வச்சுக்கிட்டு ஒன்பது மாசம் தாங்குறது கஷ்டம்னாங்க. சரி, அப்ப என்ன பண்ணலாம்னு கேட்டேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கிட்டாங்க."

"மூடிக்கிட்டாங்கன்னா?"

"அவங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு. 'இதுக்கு மேல நான் பேசக் கூடாதும்மா'ன்னாங்க. நான் என்ன பண்றது, எங்க போறதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம். பனியை வச்ச கண் வாங்காம ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டிருந்தாங்க."

கடைசியில் தன் பனிவண்டியை விற்று, மினசோட்டாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். நாள் கடந்து போனதால் காய்ச்சல், ரத்தப்போக்கு, ஒரு வாரப் படுக்கை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேம். எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றாள் ராஸ்லின். அன்று அவள் நறுக்கிய முட்டைக்கோஸ் ரெண்டு மன்றத்துக்குப் போதும்.

வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அந்த விதியை ரத்து செய்ய ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். அவையை நடத்துகிறவர்கள் அதை விவாதத்துக்கே எடுக்கவில்லை. பாதிக்கு மேல் உறுப்பினர்கள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டால் நடத்துகிறவர்கள் விரும்பாவிட்டாலும் எடுத்தாக வேண்டும். கொஞ்சம் கையெழுத்துதான் பாக்கி. எங்கள் தொகுதி எம்.பி. லிண்ட்க்விஸ்ட் மதில்மேல் பூனை. படையில் கேப்டனாக இருந்தவர், பேச்சு இனிக்கும். ஒருநாள் வானொலியில் இப்படிச் சொன்னார்: "என் தொகுதிப் படைவீரர்கள் எங்கிட்ட முட்டி வலியைப் பத்திப் பேசுவாங்க, காது மெஷினைப் பத்திப் பேசுவாங்க. இதைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. ஒரு படைவீரர் நேர்ல வந்து கேக்கட்டும், அப்ப யோசிக்கிறேன்."

பேருந்தில் இதைக் கேட்ட ராஸ்லின் வானொலியை அணைத்தாள். அன்று மத்தியானமே அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க மேடம். உங்க கணவர் எந்தப் படையில இருந்தாரு?"

"எங்க வீட்டுக்காரர் பேப்பர் மில்லுல இருந்தாரு."

"அப்ப மகன் படையில இருக்காரா?"

"நான் இருந்தேன்யா! நான்!"

"ரொம்ப நல்லது மேடம், குறிச்சுக்கிட்டேன்" என்றது அந்தக் குரல். சில நாளில் எம்.பி.யின் படம் போட்ட அட்டை ஒன்று வீட்டுக்கு வந்தது, டெட்டின் சேவைக்கு நன்றி சொல்லி. டெட் அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப் போனான். அவள் பார்த்த பார்வையில் அப்படியே குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டான்.

மன்றத்தின் பேரில் கேட்டால் எம்.பி. தட்ட முடியாது என்று மாதக் கூட்டத்தில் எழுந்தாள். உர்பன் சுத்தியலைத் தட்டினார்.

"மன்றத்துல அரசியல் கிடையாது. உனக்குத் தெரியாதா குபியாக்?"

"போன வருஷம் காது மெஷினுக்கு எல்லாருமா வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதினோமே, அது அரசியல் இல்லையா?"

"காது மெஷின் யாரையும் கொல்லாது" என்றார் உர்பன். "எனக்கு இது உயிரை எடுக்குற காரியம். ரெண்டு எண்ணம் இல்ல. நீ வேற எது கேட்டாலும் செய்வேன். இதுக்கு என்னால தலையாட்ட முடியாது."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

மே மாதக் கடைசியில் நினைவு நாள் வந்தது. திங்கட்கிழமை எம்.பி. கல்லறையில் பேசுவதாக ஏற்பாடு. "பேசும்போது எந்திரிச்சு கேட்டுடு, ஊரே இருக்கும்" என்றான் டெட். "அங்க படுத்திருக்கிறவங்க என் சண்டையைக் கேக்கவா படுத்திருக்காங்க? மனுஷங்க அழ வர்ற எடம் அது" என்று மறுத்துவிட்டாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர் மன்றத்துக்கு மீன் வறுவல் சாப்பிட வருகிறார் என்று தெரிந்ததும்தான், இத்தனை நாள் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது.

மன்றத்து பாரில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. தலையில் தொப்பியோடு உள்ளே வருகிறவன் மாட்டினான், மணியடிக்கும், அங்கே இருக்கிற எல்லோருக்கும் அவன் செலவில் ஒரு சுற்று. படைவீரர் பார்களில் எங்கும் உள்ள வழக்கம்தான். எங்கள் மன்றத்தில் அதற்கு ஒரு வால் உண்டு. வாங்கிக் கொடுத்தவன் பேசலாம். கடைசிக் கோப்பை காலியாகும் வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, எழுந்து போகக் கூடாது, தலைவர் சுத்தியலும் செல்லாது. அநேகமாகத் தப்பிப்போன மீனின் நீளத்தைத்தான் சொல்வார்கள். அறுவை தாங்காமல் மடமடவென்று குடித்துத் தீர்த்து ஆளை உட்காரவைப்பதும் நடக்கும். ராஸ்லின் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மாட்டியதில்லை. வாசலிலேயே தொப்பி கைக்கு வந்துவிடும்.

அன்று சாயங்காலம் லிண்ட்க்விஸ்ட் வெறுந்தலையோடுதான் வந்தார். கேப்டனுக்கு வழக்கம் தெரியாதா? மீனைப் புகழ்ந்தார், கம்பு ரொட்டியைப் புகழ்ந்தார், மேஜை மேஜையாகக் கை குலுக்கினார். உர்பன் மேஜையில் யாரோ அந்த மனுவைப் பற்றிப் பேச்செடுத்ததும், "எங்கிட்ட ஒரு படைவீரரும் கேக்கலியே" என்று மறுபடியும் சிரித்தார். ராஸ்லின் தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள்.

வண்டியில் அவளுடைய பழைய பாலைவனத் தொப்பி கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெஸ்ஸாவின் கதையைச் சொன்னால் கல்லும் கரையும். ஆனால் அது டெஸ்ஸாவின் சொத்து. தன் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது டெட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைச் சொன்ன பிறகு அந்தக் கிழவர்கள் தன்னைக் குபியாக் என்று கூப்பிடுவார்களா, இல்லை பாவம் என்று பார்ப்பார்களா? அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இத்தனை காலம் வாயைக் கட்டியிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. தொப்பியைத் தலையில் வைத்து அழுத்தினாள்.

உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. பாருக்குப் பின்னால் டெஸ்ஸா கயிற்றைப் பிடித்தபடி விழித்தாள்.

"என்ன புள்ள பாத்துக்கிட்டு நிக்குற? கண்ணு தெரியலையா?"

"மேம்... தொப்பி..."

"தெரியும். அடி மணியை."

மணி அடித்தது. கிழவர்கள் மேஜையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். "குபியாக் மாட்டிக்கிட்டா!" "வயசாயிடுச்சு தாயி உனக்கு!" "ஊத்து டெஸ்ஸா, அவ மனசு மாறுறதுக்குள்ள!" எம்.பி.யும் சிரித்துக்கொண்டே ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டார்.

ராஸ்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஜெர்மனியைப் பத்தி எல்லாரும் கேப்பீங்கல்ல? சொல்றேன். எங்க யூனிட்ல ஒரு சார்ஜென்ட் இருந்தான். வண்டி ஷெட்டுக்குப் பின்னாடி என்னைப் புடிச்சான். வேண்டாம்னேன். கத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்துல யாருக்கும் கேக்கல. கொஞ்ச நாள் போச்சு, எனக்கு நாள் தள்ளிப் போச்சு."

சிரிப்பு பட்டென்று அறுந்தது. என்ன செய்வதென்று தெரியாத ஆண்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். கோப்பையை எடுத்துக் குடித்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நல்ல மனுஷன். 'அரசாங்க விதிம்மா, இங்க என்னால முடியாது'ன்னாரு. வெளியில போய்ப் பண்ணிக்கணும்னா லீவு வேணும், லீவு வேணும்னா கேப்டன்கிட்ட காரணம் சொல்லணும். அந்தக் கேப்டனும் அந்த சார்ஜென்ட்டும் தினம் ஒண்ணா உக்காந்து சீட்டு ஆடுறவங்க. மேஜைக்கு முன்னாடி விறைப்பா நின்னு, சல்யூட் அடிச்சுக் காரணத்தைச் சொன்னேன். 'காதுல விழல, சத்தமா சொல்லு'ன்னாரு. ரெண்டாவது தடவையும் சொன்னேன்."

எம்.பி.யின் உதவியாளர், பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணி, மெல்ல எழுந்தார். "சார், எல்லாருக்கும் கிளாஸ் காலி. அடுத்த கூட்டத்துக்கு நேரமாச்சு" என்றார். உண்மைதான். மேஜைகளில் நுரை ஒட்டிய வெறுங்கோப்பைகள். லிண்ட்க்விஸ்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ராஸ்லின் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

"உக்காருங்க" என்றது ஒரு குரல். உர்பன் ஸ்டெங்கிள். "என் கிளாஸ் அப்படியே இருக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் ஆளாகக் குடித்துவிட்டு அடுத்தவன் கோப்பையை எட்டிப் பார்க்கும் மனிதர் அவர். கோப்பை விளிம்பு வரை இருந்தது. நுரை அடங்கி, ஒரு வாய்கூடக் குறையாமல். அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டிருந்தார். அவர் கண் ராஸ்லினைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எம்.பி. உட்கார்ந்தார்.

ராஸ்லின் எம்.பி.யின் பக்கம் திரும்பினாள். பேச்சைத் தொடர்ந்தாள்.

"லீவு கிடைச்சதும் தனியா ரயில் ஏறி, அதுக்கு ஆஸ்பத்திரி இருந்த ஹாலந்துக்குப் போனேன். பாஷை தெரியாது. ஒரு பேப்பர்ல தெரு பேரை எழுதிக் காட்டிக் காட்டி நடந்தேன். தனியாத் திரும்பி வந்தேன். மறுநாள் காலையில டேங்கர் ஓட்டினேன். சார், எந்தப் படைவீரரும் கேக்கலன்னீங்க. இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு பொண்ணு டாக்டர் முன்னாடி போய் உக்காந்தா, அந்த டாக்டர் விதின்னு சொல்லிட்டு ஜன்னலைப் பாக்குறாங்க. நான் படைவீரர். நேர்ல வந்து கேக்குறேன். அந்த மனுவுல கையெழுத்துப் போடுங்க."

லிண்ட்க்விஸ்டின் முகத்தில் இருந்த இனிப்பு எங்கேயோ போயிருந்தது. "நானும் அந்த மாதிரி ஒரு மேஜைக்குப் பின்னாடி உக்காந்து லீவு பேப்பர்ல கையெழுத்துப் போட்டவன்தான்" என்றார். கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, "யாரும் கேக்கலன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

"அது போதாது சார்."

"தெரியும்மா."

அவர் போனார். அதன் பிறகுதான் உர்பன் அந்தச் சப்பென்ற பீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கோப்பையை வைத்தார், கோட்டை மாட்டிக்கொண்டார், அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார். திங்கட்கிழமை கல்லறையிலும் உத்தரவு போட்டாரே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? சிலர் அவள் தைரியத்தை மெச்சினார்கள், சிலர் மீன் சாப்பிடுகிற இடத்தில் இதெல்லாமா என்றார்கள். அவளுக்கு இரண்டுமே உறைக்கவில்லை. ஒரு கிழவர் பேசாததுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை லிண்ட்க்விஸ்ட் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. டெஸ்ஸா பேருந்து நிலையத்துக்கே ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தேம்பினாள். மனுவுக்கு இன்னும் சில கையெழுத்து குறைகிறது. தீர்மானம் இன்னும் கிணற்றில் போட்ட கல்தான். ஆனால் எங்கள் தொகுதியின் கையெழுத்து அதில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மன்றத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ராஸ்லின் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். உர்பன் தன் பழைய ஃபோர்டிலிருந்து இறங்கி நேராக அவள் ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடியை இறக்கினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டானாமே, குபியாக்."

"போட்டுட்டாரு."

"எனக்குச் சந்தோஷமில்ல. ஞாயித்துக்கிழமை கோவில்ல அந்தத் தீர்மானம் தோக்கணும்னுதான் வேண்டிக்கப் போறேன்."

"வேண்டிக்கோங்க. நான் பின் பெஞ்சுல உக்காந்து ஜெயிக்கணும்னு வேண்டிக்கிறேன். யாரு சொல்றது கடவுளுக்குக் கேக்குதுன்னு பாப்போம்."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வாரமா எனக்குச் சரியாத் தூக்கமில்ல. ரெண்டாவது தடவை சொல்லச் சொன்னான்னியே, அந்தக் கேப்டன். நான் அங்க இருந்திருந்தா உன் பக்கத்துல வந்து நின்னிருப்பேன்."

"நின்னிருப்பீங்க, தெரியும்" என்றாள் ராஸ்லின். பிறகு, வாய் சும்மா இராமல், "அப்புறம்? ஹாலந்துக்கும் கூட வந்திருப்பீங்களா?" என்று சீண்டினாள்.

உர்பன் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ரயிலடி வரைக்கும்" என்றார். "உன் பையைத் தூக்கிக்கிட்டு ரயிலடி வரைக்கும் வந்திருப்பேன். அதுக்கு மேல என்னால முடிஞ்சிருக்காது."

அத்தனை பேர் முன்னால் அழாதவள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

"அன்னிக்கு ரயிலடி வரைக்கும்கூட யாரும் வரலய்யா" என்றாள்.